குறைந்தால் நல்லதுதானே

ரவுண்ட்ஸ் பத்து மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். இப்போது எட்டே முக்கால். பெரிய டாக்டர் வருவதற்குள், சொல்வதா மறைப்பதா என்று ஒரு முடிவுக்கு வந்துவிட வேண்டும் என்று பல் விளக்கும்போதே வசந்தாமணி தனக்குத்தானே கெடு வைத்துக்கொண்டாள். அவள் மனசு கெடுவுக்குக் கட்டுப்படுகிற மனசா என்ன, அது பாட்டுக்குக் கட்டிலின் விளிம்பில் தொங்கிய பையையே பார்த்துக்கொண்டிருந்தது. புருஷன் நாச்சிமுத்துவின் வலது விலாவுக்குள் போய் ஈரலில் முடிகிற ட்யூப், அதன் இந்த முனையில் இந்தப் பை, அதற்குள் சொட்டுச் சொட்டாக இறங்குகிற பித்தநீர். நேற்று மதியம் அடைத்துக் கிடந்த பழைய ட்யூபை எடுத்துவிட்டுப் புதுசு வைத்ததிலிருந்து நன்றாகத்தான் இறங்குகிறது. நன்றாக என்றால் நிறைய. நிறைய இறங்கினால் நல்லது, குறைந்தால் கெட்டது. இவ்வளவுதான் விஷயம், ஒரு பச்சைப் பிள்ளைக்குச் சொன்னாலும் புரியும். அடைத்தால் குறையும், உள்ளே தங்கினால் அழுகும், அழுகினால் காய்ச்சல். இது நேற்றுக் காலையில் டியூட்டி டாக்டர் சொல்லித்தான் அவளுக்குப் புரிந்தது. அந்தப் பெண் கேட்டாள், பை எப்போதிலிருந்து குறைந்தது என்று. வசந்தாமணி சொன்னாள், தேதியெல்லாம் நோட்டில் எழுதியிருக்கிறது, நோட்டு வீட்டில் இருக்கிறது என்று. நோட்டு அப்போதும் அவள் ஒயர் கூடைக்குள்தான் இருந்தது, பிளாஸ்க்குக்கு அடியில். வாயில் ஏன் அப்படி வந்தது என்று அவளுக்கே தெரியாது. எத்தனை நாள் அடைத்திருந்தது என்பதை வைத்துத்தான் இடது பக்கம் இரண்டாவது ட்யூப் வெள்ளிக்கிழமை போடலாமா, கிருமி எல்லாம் அடங்கும்வரை காத்திருக்க வேண்டுமா என்று பெரிய டாக்டர் முடிவு செய்வார், காலையில் ஞாபகமாகச் சொல்லுங்கள் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டுப் போனாள்.

ஆறு நாள். வியாழக்கிழமை 430 மில்லி, வெள்ளி 310, சனி 240, ஞாயிறு 150, திங்கள் 60, செவ்வாய் விடியும்போது 20. அதற்கு முந்தின புதன்கிழமை 520. தினமும் காலை ஆறரை மணிக்கு, கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவி, கிளிப்பைத் திறந்து, அளவுக் கோடு போட்ட மக்கில் ஊற்றி, குனிந்து கண்ணுக்கு நேராகப் பார்த்து எழுதினாள். பத்தொன்பது வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் உட்கார்ந்தவள். ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் அவள் கை தாண்டிப் போகாது, சூப்பர்வைசரே அவள் அடுக்கைத் திரும்பப் பார்க்க மாட்டான். அப்படிப்பட்டவள் தன் கையாலேயே ஒவ்வொரு நாளும் எழுதிவிட்டு, ஒவ்வொரு நாளும் சந்தோஷப்பட்டாள். அதுதான், அதைத்தான் அவளால் ஜீரணிக்க முடியவில்லை. கவனிக்காமல் விட்டிருந்தால்கூட மனுஷிக்கு மறதி என்று ஒரு சமாதானம் உண்டு. இவள் கவனித்தாள். கவனித்துவிட்டுக் கும்பிட்டாள். அக்காவுக்குத் தைராய்டு ஆபரேஷன் செய்தபோது கழுத்திலிருந்து ஒரு ட்யூப், சின்னப் பை ஒன்று, டாக்டர் தினமும் வந்து பார்ப்பார், மூன்றாம் நாள் குறைஞ்சிருச்சும்மா, எடுத்துடலாம், வீட்டுக்குப் போகலாம் என்றார். அது அவள் மூளையில் ஆணி அடித்த மாதிரி நின்றிருந்தது. உடம்பிலிருந்து வருகிற கழிவு குறைந்தால் நோவு குறைகிறது. யாருக்கும் அப்படித்தானே தோன்றும். சனிக்கிழமை 240 என்று எழுதிவிட்டு அரிசிம்பருப்பு சாதம் செய்தாள், நெய் விடாமல், சீரகம் மட்டும் தாளித்து. அவர் இரண்டு கை சாப்பிட்டார். கோகிலாவுக்குப் போன் செய்து, அப்பனுக்குக் கொறஞ்சுக்கிட்டே வருது கண்ணு என்றாள், மகள் பெங்களூரில் அழுதாள், சந்தோஷத்தில்தான், மருதமலைக்கு வேண்டிக்கொண்டது வீண்போகவில்லை என்றாள். ஞாயிற்றுக்கிழமை அவர் முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தார். வெயில் அதிகம், வேர்வை என்று நினைத்தாள். ட்யூப் போட்ட கட்டுக்கு அடியில் பனியன் மஞ்சளாக நனைந்திருந்தது. அதையும் வேர்வை என்றே நினைத்தாள். வேர்வை என்ன அந்த நிறத்திலா இருக்கும். ஒருத்தி ஒன்றை நம்ப வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டால் கண்ணும் மூக்கும் கையும் கூட்டுச் சேர்ந்துகொள்கின்றன. திங்கட்கிழமை 60 என்று எழுதும்போது, எழுதும்போது என்ன நினைத்தாள், இன்னும் இரண்டு நாளில் எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தாள். அன்று சாயங்காலம் அவருக்குக் கட்டில் ஆடும்படி நடுக்கம் வந்தது.

ஜிஷா சிஸ்டர் ட்ரிப்ஸ் மாற்ற வந்தாள். கேரளத்துப் பெண், இருபத்தைந்து இருக்குமா, சிரித்த முகம். போன மாதம் வீட்டுக்கு அனுப்பும்போது இவள்தான் கிளிப்பைத் திறக்கவும் மூடவும் சொல்லிக் கொடுத்தாள். அப்போது இதையும் சொன்னாளா? சொல்லித்தான் இருப்பாள். சொல்லாமல் எப்படி அனுப்புவார்கள். டிஸ்சார்ஜ் தாளிலும் தமிழில் அச்சடித்தே இருக்கிறது, பித்தநீரின் அளவு குறைந்தாலோ நிறம் மாறினாலோ உடனே அழைக்கவும் என்று, கீழே நம்பர். நேற்று ராத்திரிதான் படித்தாள். அந்தத் தாளை இத்தனை நாள் மாத்திரைப் பெட்டிக்கு அடியில் விரிப்பாகப் போட்டிருந்தாள். "அம்மா டீ குடிச்சா?" என்று சிஸ்டர் கேட்டாள். குடிச்சேன் கண்ணு என்றாள், குடிக்கவில்லை. சின்னப் பொய்கள் எல்லாம் இப்படித்தான் தானாக வருகின்றன, ஒன்றும் யோசிக்க வேண்டியதில்லை. சிஸ்டர் பையைத் தூக்கிப் பார்த்து, "நல்லா வருது" என்றாள். நல்லா வருது. நல்லா வருதுன்னா நல்லது என்று வசந்தாமணி உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள், பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி. சிஸ்டர் போனதும் கூடைக்குள் கையை விட்டு நோட்டை எடுத்தாள். அவர் வேலை பார்த்த சாயப்பட்டறையில் கொடுத்த பழைய டைரி. பேனாவும் எடுத்தாள். 150-இல் முதல் ஒன்றை நான்காக்க ஒரு கோடு போதும். 60-க்கு முன்னால் ஒரு நாலைப் போட்டால் 460. திங்கட்கிழமை வரைக்கும் சரியாக வந்தது, திடீரென்று செவ்வாய்க்கிழமை அடைத்துவிட்டது, உடனே ஓடி வந்துவிட்டோம். யாருக்குத் தெரியும். ஆனால் வெள்ளிக்கிழமை 3-ம் சனிக்கிழமை 2-ம் எப்படித் திருப்பினாலும் மசியவில்லை. அப்புறம் அந்த நினைப்பு வந்தது. பொய்க் கணக்கைப் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமையே உள்ளே கிருமி இருக்கும்போது இன்னொரு ட்யூபைக் குத்தி, அதனால் ஏதாவது ஆகிவிட்டால்? முதலில் தெரியாமல் செய்தது, இரண்டாவது தெரிந்தே செய்ததாகிவிடும். பேனாவை மூடினாள். உண்மையைச் சொன்னால் மட்டும் என்ன, ஆறு நாள் சும்மா இருந்தீர்களா என்று டாக்டர் நாச்சிமுத்துவின் முன்னாலேயே கேட்பார். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். பார்ப்பார். முப்பத்தோரு வருஷத்தில் அவர் அவளை அப்படிப் பார்த்ததில்லை, அந்தப் பார்வை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியவும் வேண்டாம். பேனாவைத் திரும்பத் திறந்தாள்.

அவருக்குக் கல் என்று சொல்லியிருந்தது. பித்தக் குழாயில் கல் மாட்டிக்கொண்டது, இடம் இடக்கான இடம், அறுத்து எடுக்க முடியாது, ட்யூப் வைத்து நீரை இறக்கினால் தானாகச் சரியாகும். சொந்தக்காரர்கள் பார்க்க வரும்போதெல்லாம் வாசலிலேயே நிறுத்தி, கல்லுன்னே பேசுங்க என்று சொல்லி உள்ளே அனுப்பினாள். எல்லோரும் அதை அழகாகப் பேசினார்கள், அவரவருக்குத் தெரிந்த கல்லைப் பற்றி, கிட்னியில் வந்தது, வாழைத்தண்டில் கரைந்தது. நோய்க்காரனிடம் நோயின் பெயரைச் சொல்லக் கூடாது, சொன்னால் பாதி உயிர் அன்றைக்கே போய்விடும் என்பதில் அவள் பக்கத்திலும் அவர் பக்கத்திலும் யாருக்கும் சந்தேகமே இல்லை. டாக்டர் மட்டும் ஒரு தரம், அவருக்கும் தெரியணும்மா, அவர் உடம்பு என்றார். கோகிலா டாக்டர் கையைப் பிடித்துக் கெஞ்சிவிட்டாள். அந்த முதல் நாள் அந்தச் சின்ன அறையில் டாக்டர் ஒரு வெள்ளைத் தாளில் மரக்கிளை மாதிரி வரைந்தார், கிளை பிரிகிற இடத்தில் பேனாவால் அழுத்திக் கறுப்பாக்கினார். இதை எடுக்க முடியாதும்மா. பித்தநீருக்கு மட்டும் ஒரு வழி பண்ணிக் கொடுக்கிறோம். மஞ்சள் இறங்கும், அரிப்பு நிற்கும், சாப்பிடுவார். நன்றாக இறங்கினால் கீமோவுக்கு யோசிக்கலாம். சிலருக்கு ஒரு வருஷம் கிடைக்கிறது, சிலருக்கு நாலு மாசம். நடுவில் ட்யூப் அடைக்கும், காய்ச்சல் வரும், மாற்றுவோம். ட்யூப் அடைக்கும் என்று அன்றைக்கே சொல்லியிருக்கிறார். இப்போது காதில் அப்படியே கேட்கிறது, அவர் குரலிலேயே. அன்றைக்கு ஏன் கேட்கவில்லை என்றால், நாலு மாசம் என்பதைக் கேட்க வேண்டாம் என்று அவள் காதை மூடியபோது பக்கத்தில் இருந்ததெல்லாம் சேர்ந்து வெளியே போய்விட்டது. அதற்கும் முன்னால் மூன்று வாரம் கீழாநெல்லி. அதுவும் அவள்தான். மஞ்சள் காமாலைக்கு இங்கிலீஷ் மருந்து கிடையாது என்று யாரோ சொல்ல, உப்பில்லாமல் மோர் சாதம் போட்டு மனுஷனை இளைக்க வைத்தாள். அந்த மஞ்சளும் சீக்கிரம் கண்ணில் பட்டதா, அதுவும் இல்லை. அவர் சாய மாஸ்டர். ஆயிரம் கிலோ துணியில் ஒரு துளி நிறம் ஏறியிருந்தாலும் இறங்கியிருந்தாலும் தொடாமல் சொல்வார். டியூப்லைட்டில் ஒரு நிறம், வெயிலில் ஒரு நிறம், நம்பாதே என்று வேலைக்காரர்களிடம் கத்துவார். அப்படிப்பட்டவர் வீட்டுக் குளியலறையின் மஞ்சள் பல்பில் தினமும் முகம் பார்த்துச் சவரம் செய்துகொண்டு போனார். பட்டறை வாசலில் வெயிலில் வைத்து லாரிக்காரர் ஒருத்தர்தான், மாஸ்டர் கண்ணு என்னங்க இப்படி இருக்குது என்று கேட்டார். யாராவது ஒருத்தர் முதல் நாளே பார்த்திருந்தால். ஆறு நாளும் மூன்று வாரமும் பல்பும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டன, எது எதனால் என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

போன் அடித்தது. கோகிலா. "டாக்டர் வந்தாராம்மா?" இன்னும் இல்லை கண்ணு. "அதெப்படிம்மா, ஞாயித்துக்கெழமை கூட நல்லாக் கொறஞ்சுட்டு வருதுன்னியே, திடீர்னு எப்புடிக் காச்சலு?" வசந்தாமணி, சிக்னல் சரியில்ல சாமி, பொறகு கூப்பிடறேன் என்றாள். திரும்பினால் அவர் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை விழி மறுபடி எலுமிச்சை நிறத்துக்குப் போயிருந்தது. "கோகிலாவா?" என்றார். ஆமாங்க. "என்னங்குது?" சும்மாதானுங்க, உங்களைக் கேட்டுச்சு. டைரி மடியில் விரிந்து கிடந்தது, பேனா மூடி கீழே உருண்டு போயிருந்தது, அவள் முந்தானையை இழுத்து அதன்மேல் போட்டாள். இப்போது சொல்லிவிடலாம். டாக்டரிடம் சொல்வதற்கு முன் இவரிடம் சொல்லிவிட்டால் பாதிச் சுமை இறங்கும். ஏனுங்க, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்குவீங்களா என்று ஆரம்பிக்கலாம். கோவிச்சுக்க மாட்டார், அது வேறு. ஆனால் கல்லுக்கு ஆறு நாள் என்ன பெரிய விஷயம் என்று அவர் கேட்டால் என்ன சொல்வது? பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டுமானால் கல் இல்லை என்று சொல்ல வேண்டும். ஒரு பொய்யை எடுக்கப் போனால் அதன் கூடவே இன்னொன்றும் வருகிறது. "ஏனுங்க" என்றாள். "ம்." "முதுகு அரிக்குதுங்களா?" "கொஞ்சம்." அவரைச் சற்றே ஒருக்களித்து, ட்யூப் இழுபடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, உள்ளங்கையால் முதுகைத் தேய்த்துவிட்டாள். நகம் படக் கூடாது, புண்ணாகிவிடும். முதுகெலும்பு ஒவ்வொன்றாகக் கையில் தட்டியது. இந்த முதுகில் எத்தனை எண்ணெய் தேய்த்திருக்கிறாள், அப்போது எலும்பு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. இவர் இல்லாமல் அந்த வீட்டில் எப்படி இருப்பது என்ற நினைப்பு, வரக் கூடாது என்று வைத்திருந்த நினைப்பு, கையோடு சேர்ந்து மேலும் கீழும் போய்வந்தது. "நீ ஒண்ணும் திங்கலயா?" என்றார் சுவரைப் பார்த்தபடி. தின்னேனுங்க. "என்ன தின்ன?" இட்லிங்க. "எத்தனை?" அவள் போர்வையை இழுத்து முதுகை மூடினாள். "ராத்திரியெல்லாம் அந்த டைரியப் போட்டுப் பொரட்டிக்கிட்டே இருந்தியாட்ட இருக்குது" என்றார். கணக்குப் பாத்தேனுங்க என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பத்து மணி என்றால் பத்தரை. பெரிய டாக்டர் வந்தார், நேற்றைய டியூட்டிப் பெண் கூடவே, ஜிஷா சிஸ்டர் பைலோடு. வயிற்றை அமுக்கிப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், கண்ணை இழுத்துப் பார்த்தார். காய்ச்சல் இறங்கியிருக்கிறது என்றார். ரத்தத்தில் மஞ்சள் பதினொன்றில் இருந்தது பதினாறுக்கு ஏறியிருக்கிறது என்றார். ஏறினது இறங்கும், புது ட்யூப் வேலை செய்கிறது என்றும் சொன்னார். அவர் பேசுவது எல்லாம் கேட்டது, ஒன்றோடொன்று ஒட்டவில்லை. இறங்குவது நல்லதா ஏறுவது நல்லதா, காய்ச்சல் இறங்க வேண்டும், மஞ்சள் இறங்க வேண்டும், பை ஏற வேண்டும். டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "பை எப்ப இருந்தும்மா குறைஞ்சது?" இதோ வந்துவிட்டது. வாயைத் திறந்தாள்.

"திங்கக்கெழமை மத்தியானத்துல இருந்துங்க" என்றார் நாச்சிமுத்து கட்டிலில் இருந்து. "அதுவரைக்கும் நல்லாத்தான் வந்துச்சு. கொறஞ்சதும் ஒடனே கூட்டியாந்துட்டா."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் டாக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார், ரொம்பச் சாதாரணமாக, பட்டறையில் முதலாளி கேட்கும்போது வேலைக்காரர்களின் தப்பைத் தன் பேரில் போட்டுக்கொண்டு நிற்பாரே அந்த முகத்தோடு. அப்படியானால் இவருக்குத் தெரியும். ஆறு நாளும் அந்தப் பை இவர் இடுப்புக்குப் பக்கத்தில்தானே தொங்கிக்கொண்டிருந்தது. நிறம் பார்த்தே பிழைத்தவர். தெரிந்துகொண்டு, அவள் சந்தோஷமாக இருந்ததைப் பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு கை சாதம் சாப்பிட்டிருக்கிறார். டாக்டர் டியூட்டிப் பெண்ணிடம் சொன்னார். "அப்ப ஒரு நாள்தான். ஜாஸ்தி பரவியிருக்காது. வெள்ளிக்கிழமையே இடது பக்கம் போட்டுடலாம், எழுதிக்கோங்க." அந்தப் பெண் எழுதத் தொடங்கினாள். தப்பித்தாயிற்று. அவரே தப்ப வைத்துவிட்டார். சும்மா நின்றால் போதும்.

"இல்லீங்க டாக்டர்" என்றாள். குரல் தன்னுடையது போலவே இல்லை. "ஆறு நாளாச்சுங்க. வியாழக்கெழமையில இருந்தே கொறஞ்சுதுங்க. கொறஞ்சா நல்லதுன்னு நான் நெனச்சுட்டனுங்க." டைரியை நீட்டினாள்.

"வசந்தா" என்றார் அவர் மெதுவாக. அவள் திரும்பவில்லை.

டாக்டர் பக்கத்தைப் பார்த்தார், முந்தின பக்கத்தையும் பார்த்தார். அவள் திட்டுக்குத் தயாராக நின்றாள். வாங்கிக்கொண்டால் தீர்ந்துவிடும் என்றுகூட இருந்தது. அவர் டைரியை மூடி அவள் கையிலேயே கொடுத்தார். "நல்லவேளை சொன்னீங்க. வெள்ளிக்கிழமை வேண்டாம், ஒரு வாரம் போகட்டும்" என்றார். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, நின்று, குரலை இறக்கிச் சொன்னார். "இதையே போட்டு மனசைக் குழப்பிக்காதீங்கம்மா. எத்தனையோ பேர் இப்படித்தான் நினைச்சுக்கறாங்க. ஆறு நாள் முன்னாடி வந்திருந்தா இந்தக் காய்ச்சல் வந்திருக்காது, அவ்வளவுதான். மத்தபடி பெருசா எதுவும் மாறியிருக்காது."

அவளுக்குள் ஏதோ ஒன்று முடிச்சவிழ்ந்து தளர்ந்தது. நான் இல்லை, என்னால் இல்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஒரு நொடி, நிஜமாகவே ஒரே ஒரு நொடி, அது சந்தோஷமாக இருந்தது. அதற்கப்புறம்தான் டாக்டர் சொன்னதை முழுசாகக் கேட்டாள். பெருசா எதுவும் மாறியிருக்காது. அவள் சரியாகச் செய்திருந்தாலும் மாறியிருக்காது. கல் என்றால் மாறியிருக்கும். அதே வாக்கியத்தை அதே அறையில் இன்னொருவரும் கேட்டிருக்கிறார் என்பது அவளுக்கு மெதுவாக உறைத்தது. திரும்பினாள். நாச்சிமுத்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், முகத்தில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

"டாக்டர்" என்றார். "அந்த ரெண்டாவது ட்யூப்பப் போட்டா எனக்கு எத்தனை நாளுங்க கூடக் கெடைக்கும்?"

டாக்டர் வசந்தாமணியைப் பார்த்தார். டியூட்டிப் பெண்ணும் பார்த்தாள். இரண்டு மாதமாக இவரிடம் யார் எதைக் கேட்டாலும், இவர் யாரிடம் எதைக் கேட்டாலும், முந்திக்கொண்டு பதில் சொன்னவள் அவள்தான். கல் என்பது நாக்கு நுனியில் இருந்தது.

"அவருகிட்டயே சொல்லுங்க" என்றாள்.